பாம்பு கடித்தவருக்கு முதல் ஊசி எங்கே போடப்படும்? மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர், துறைச் செயலாளர், பொது சுகாதாரத் துறை இயக்குநர் ஆகியோருக்கு,

வணக்கம்.

2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தீர்கள். 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தின்படி இனி அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், பாம்பு கடித்து வருகிற ஒவ்வொருவரைப் பற்றியும் அரசுக்குச் சொல்லியாக வேண்டும். நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் நெல்லும் மல்லாட்டையும் (நிலக்கடலை) போடுகிற குடும்பத்தைச் சேர்ந்தவன். அந்தச் செய்தியைப் படித்தபோது மனம் நிறைந்து மகிழ்ந்தேன். வயலில் பாம்பு கடித்துச் செத்தால் 'அவ்வளவுதான் ஆயுசு' என்று சொல்லி எரித்துவிட்டு வருவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அது தடுக்கக்கூடிய சாவு, அதற்கு அரசுக்கும் பொறுப்பு உண்டு என்று சட்டத்தின் வழியாகச் சொன்னதற்கு நன்றி.

அடுத்த வேலையைப் பற்றிப் பேசவே இந்த மடல். நான் கேட்பது ஒன்றுதான். பாம்பு கடித்தவர் எந்த அரசு மருத்துவமனை வாசலை முதலில் மிதிக்கிறாரோ, அங்கேயே அவருக்குச் சோதனை நடக்க வேண்டும். விஷம் ஏறியதற்கான அறிகுறி தெரிந்தால் அங்கேயே விஷமுறிவு மருந்து ஏற வேண்டும். மருந்தை ஏற்றிவிட்டு, அப்புறம் எந்தப் பெரிய மருத்துவமனைக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள். வெறும் சீட்டை எழுதிக் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள்.

இதற்கு மருந்து இல்லையா என்றால், இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை பாம்புக்கடி மருந்து இருப்பில் வைத்திருக்கிறோம் என்று துறை பலமுறை சொல்லியிருக்கிறது. அதை நான் நம்புகிறேன். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியாக ஊர் ஊராகக் கொண்டு சேர்ப்பதை மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போயின. போதாததற்கு, இந்த மருந்து பெரும்பாலும் தூள் வடிவில் வருகிறது. காய்ச்சி வடித்த சுத்த நீரில் கரைத்து ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். கரண்ட் போனால் கெட்டுப்போகிற தடுப்பூசி மாதிரி குளிர்பெட்டிக்குள்ளேயே வைத்துக் காக்க வேண்டியதில்லை. ஆக, மருந்து அலமாரிவரை வந்துவிட்டது. அலமாரியிலிருந்து நோயாளியின் நரம்புக்குப் போகிற அந்த நாலடி தூரத்தில்தான் சிக்கல்.

என் சித்திக்கு நடந்ததைச் சொல்கிறேன். பொழுது சாயும் நேரம், மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். கணுக்காலுக்கு மேலே கண்ணாடிவிரியன் போட்டுவிட்டது. 'ஏதோ பூச்சி கடிச்சிடுச்சுடா' என்று நொண்டிக்கொண்டே வந்தார். பக்கத்து வயலில் இருந்தவர்கள் புடவைத் தலைப்பைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினார்கள். அப்படிக் கட்டக் கூடாது என்பது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. பைக்கில் நடுவில் உட்காரவைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்தது ஒரே ஒரு செவிலியர். உள்ளே ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. இவர் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தார். டிடி ஊசி போட்டார், ஜி.எச்.சுக்குச் சீட்டு எழுதினார், 108-க்கு அவரே போன் செய்தார். 'மருந்து இருக்காம்மா?' என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது: 'இருக்கு அண்ணா. டாக்டர் இல்லாம நான் போட்டு, ஒத்துக்காம ஏதாவது ஆயிடுச்சுன்னா யார் பதில் சொல்றது?'

அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

ஜி.எச்.சில் மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். ஆனால் அதற்குள் பல் ஈறிலிருந்து ரத்தம் கசிய ஆரம்பித்துவிட்டது. சிறுநீர் நின்றுவிட்டதால் அங்கிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே நன்றாகவே பார்த்தார்கள். டயாலிசிஸ் செய்து உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், ஒரு பைசா வாங்கவில்லை. சித்தி பிழைத்தார். ஆனால் கெண்டைக்காலில் சதை அழுகிப் பெரிய பள்ளமாக ஆறியிருக்கிறது. நாற்று நட இறங்க முடிவதில்லை. கண்ணாடிவிரியன் விஷம் ரத்தத்தின் உறைதன்மையைக் கெடுத்து, சிறுநீரகத்தையும் கெடுக்கும். உடம்பில் சுற்றுகிற விஷத்தை மருந்து முறிக்கும், ஆனால் கெட்டுப்போன சிறுநீரகத்தையும் அழுகிய சதையையும் திரும்பக் கொண்டுவராது. முதல் ஒரு மணி நேரத்தில் ஏறுகிற மருந்துக்கும் நான்கு மணி நேரம் கழித்து ஏறுகிற மருந்துக்கும் இருக்கிற வித்தியாசத்தை என் சித்தியின் காலைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

முதல் மருந்தை இங்கே கொடுத்துவிட்டு மேலே அனுப்புவது உங்கள் துறைக்குப் புதிய வழக்கம் அல்ல. 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அடார்வாஸ்டாடின் மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறீர்கள். மாரடைப்புக்கு நேரம் முக்கியம் என்று ஒத்துக்கொண்டீர்கள். கண்ணாடிவிரியன் கடிக்கும் அதே நியாயம்தான்.

சரி, மாத்திரையும் இந்த ஊசியும் ஒன்றா என்று மருத்துவர்கள் கேட்பார்கள். ஒன்றல்ல. விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் விழுந்துவிடும். ஆனால் அதற்கு முறிவு, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கிற அட்ரினலின் ஊசி. அதை முன்கூட்டியே சிரிஞ்சில் எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு மருந்தை ஏற்றலாம் என்று சிகிச்சை நெறிமுறையே சொல்கிறது. நெறிமுறையை அச்சடித்துச் சுவரில் ஒட்டினால் மட்டும் கை நடுக்கம் நிற்காது என்பதும் உண்மைதான். ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாக நிற்கிற இளம் மருத்துவருக்கோ செவிலியருக்கோ, போனில் 'நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஆரம்பியுங்கள்' என்று சொல்ல ஒரு மூத்த மருத்துவர் வேண்டும். ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்ட பாம்புக்கடித் தேசியச் செயல்திட்டத்தோடு 15400 என்ற உதவி எண்ணை முதலில் ஐந்து இடங்களில் தொடங்குவதாக அறிவித்தார்கள். அதில் பக்கத்திலிருக்கும் புதுச்சேரியும் உண்டு. தமிழ்நாட்டில் இத்தனை மருத்துவக் கல்லூரிகளை வைத்துக்கொண்டு, இரவும் பகலும் ஒரு நச்சு மருத்துவ நிபுணரைப் போனில் உட்காரவைக்க நம்மால் முடியாதா? நெறிமுறைப்படி மருந்து ஏற்றியவருக்கு எந்தச் சிக்கல் வந்தாலும் துறை அவர் பக்கம் நிற்கும் என்று எழுத்தில் ஓர் ஆணையும் வேண்டும். மருத்துவர்கள் மேல் கை வைக்கிற கூட்டம் இருக்கிற காலத்தில், அந்தப் பயத்தை வெறும் அறிவுரையால் போக்க முடியாது.

சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பணம் இல்லாததால் நிற்கிற விஷயமே அல்ல. விரியன் விஷம் ஏறிவிட்டதா என்று பார்க்க ஸ்கேன் வேண்டாம், பெரிய லேப் வேண்டாம். சுத்தமான, காய்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு சாய்த்துப் பார்த்தால் ரத்தம் உறைந்திருக்க வேண்டும். உறையாமல் தண்ணீராக ஓடினால் விஷம் ஏறிவிட்டது, மருந்தை ஆரம்பிக்க வேண்டியதுதான். ஆனால் இப்போது எங்கே பார்த்தாலும் பிளாஸ்டிக் குழாய். கண்ணாடிக் குழாய் இருந்தாலும் சோப்புப் போட்டுக் கழுவி வைத்தது. இரண்டிலும் சோதனை தவறாகப் போகும். சில ரூபாய் பெறாத ஒரு புதுக் கண்ணாடிக் குழாயை ஒவ்வொரு நிலையத்திலும் பாம்புக்கடி மருந்துப் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். அட்ரினலின், நரம்பைத் தாக்கும் விஷத்துக்குத் துணையாகப் போடுகிற நியோஸ்டிக்மின், அட்ரோபின், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை எல்லாம் அதே பெட்டியில் இருக்கட்டும். தேடுகிற நேரமாவது மிச்சமாகும்.

கட்டுவிரியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது ராத்திரியில் வீட்டுக்குள் வரும், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். கொசு கடித்த மாதிரிகூட வலிக்காது, பல் பதிந்த தடம் தெரியாது, வீக்கம் இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார்கள், தொண்டை அடைக்கிறது என்பார்கள். வாயுத் தொல்லை என்று ஒரு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினால், இமை சொருகி மூச்சு நின்றுபோகும். தரையில் படுப்பவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செங்கல் சூளையில் குடும்பத்தோடு தங்குபவர்கள், கரும்பு வெட்டப் போய்க் கொட்டகை போட்டிருப்பவர்கள், தொகுப்பு வீடு ஒழுகுகிறது என்று திண்ணையில் படுக்கிற குழந்தைகள். விடியற்காலை வயிற்றுவலியோடு வருகிறவரிடம் 'ராத்திரி தரையிலா படுத்தீர்கள்?' என்று ஒரு கேள்வி கேட்கவும், இமையைப் பார்க்கவும் எல்லாச் செவிலியருக்கும் பயிற்சி கொடுங்கள். வீடு வீடாக வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிற மக்களைத் தேடி மருத்துவப் பணியாளர்கள், கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுக்கச் சொல்லி நாலு வார்த்தை பேசினால் அது கட்டுவிரியனுக்கும் காவல்.

இதில் என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. இந்தியா முழுவதும் தயாராகிற விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய பாம்பு விஷத்தில் பெரும்பகுதி, செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் போகிறது. 1978இல் தொடங்கிய சங்கம் அது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்துவந்து, பானைகளில் வைத்து, சில வாரங்கள் விஷம் எடுத்து, மறுபடியும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த மக்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரே இனப் பாம்புக்குக்கூட ஊருக்கு ஊர் விஷத்தின் தன்மை மாறும், தெற்கே எடுத்த விஷத்தில் செய்த மருந்து வடக்கே அவ்வளவாக எடுபடுவதில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் இந்த மருந்து நம் மண்ணின் பாம்புக்கே செய்தது மாதிரி. மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியன் போன்ற சில பாம்புகளுக்கு இது வேலை செய்யாது. மற்றபடி, மருந்தின் மூலப்பொருளை நாட்டுக்கே கொடுக்கிற மாநிலத்தில், அதே மருந்து பக்கத்து அறையில் இருக்க, ஒருவர் ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்து சாகலாமா?

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாததால் மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் குழந்தை இறந்துபோனது. உடற்கூராய்வு முடிந்து திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதி வழியில் இறக்கிவிட, தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி மலையேறினார். அந்தப் படத்தை நாம் எல்லோருமே பார்த்தோம். சாலை போடுவது உங்கள் துறையின் வேலை இல்லை என்பது தெரியும். ஆனால் ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, பர்கூர், கொல்லிமலை போன்ற இடங்களில் எந்த ஊரிலிருந்து எந்த நிலையத்துக்கு எவ்வளவு நேரமாகும் என்ற வரைபடத்தை உங்களால் ஒரு மாதத்தில் போட முடியும். கிராம சுகாதாரச் செவிலியர்களிடம் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். அந்த வரைபடத்தைப் பார்த்து மலையடிவார நிலையங்களில் ராத்திரி மருத்துவரை நியமியுங்கள். எல்லா நிலையங்களிலும் ஒரே நாளில் முடியாது என்பது எனக்கும் புரிகிறது. மழைக்காலத்திலும் அறுவடைக் காலத்திலும், தொலைவான இடங்களிலிருந்து ஆரம்பிக்கலாமே.

நாட்டு வைத்தியரிடம் போய் நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று மருத்துவமனைகளில் எங்கள் மேல் கோபப்படுவார்கள். வேர் கட்டுவதும் மந்திரிப்பதும் விஷத்தை இறக்காது, ஒத்துக்கொள்கிறேன். கடிக்கிற பாம்புகளில் பல விஷமில்லாதவை என்பதால் மந்திரித்தவருக்குப் பேர் கிடைத்துவிடுகிறது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குத் தட்டினால் அவர் வீட்டுக் கதவு திறக்கிறது. 'பயப்படாதே' என்று தோளைத் தொட்டுச் சொல்கிறார். அரசு நிலையத்தின் கதவும் அதே நேரத்தில் திறந்து, உள்ளே மருந்து ஏறும் என்று நான்கு பேருக்குத் தெரிந்துவிட்டால் ஜனங்கள் தானாக இங்கே வருவார்கள். பிரசவத்துக்கு அப்படித்தானே வந்தார்கள்? மருத்துவச்சியை விட்டுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தேடி வந்தது, அங்கே இருபத்துநான்கு மணி நேரமும் செவிலியர் இருப்பார் என்று நம்பிக்கை வந்த பிறகுதான்.

தனியாரிடம் போகிறவர்களின் நிலை வேறு. பக்கத்து டவுனில் இருக்கிற மருத்துவமனைதான் கிட்டே என்று ஓடுவார்கள். ஒரு குப்பி சில நூறு ரூபாய், தொடக்கத்திலேயே பத்துக் குப்பி, அப்புறம் ஐ.சி.யு. வாடகை. தாலிக்கொடி அடகுக்குப் போகும். காப்பீட்டு அட்டையைத் தேடி எடுத்து அனுமதி வாங்குவதற்குள் பாதி பணம் கட்டியாகிவிடும். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' கொண்டுவந்தீர்கள். எந்த ஊர்க்காரர், அட்டை இருக்கிறதா, வருமானம் எவ்வளவு என்று எதுவும் கேட்காமல், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரத்தை அரசு ஏற்கிறது. தமிழ்நாட்டில் எனக்குப் பிடித்த திட்டங்களில் அது ஒன்று. பாம்புக்கடியையும் அதில் சேருங்கள். வரப்பில் விழுந்தவரின் உயிரும் நெடுஞ்சாலையில் விழுந்தவரின் உயிரும் அரசுக்கு ஒன்றுதானே.

உங்கள் துறையின் அமைப்பிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதார இயக்குநரின் கீழ். தாலுகா, மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரின் கீழ். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்குநரின் கீழ். என் சித்தி ஒரே ராத்திரியில் மூன்று இயக்குநரகங்களையும் பார்த்துவிட்டார். ஒவ்வொரு இடத்திலும் சீட்டு புதிதாக எழுதப்பட்டது, கதையை நாங்கள் முதலிலிருந்து சொன்னோம். எந்த இடத்திலும் யாரும் தவறு செய்ததாக ஏட்டில் இருக்காது. நேரம் எங்கே போனது என்று கேட்க ஒரு நாற்காலி இல்லை.

மகப்பேறு மரணங்களில் அந்த நாற்காலியை நீங்கள் போட்டீர்கள். ஒரு தாய் இறந்தால் எந்த நிலையத்தில் எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று வரிசையாக எழுதி, மாவட்ட ஆட்சியர்வரை கூடி விசாரிக்கிற வழக்கம் தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக இருக்கிறது. தாய்மார் சாவு குறைந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பாம்புக்கடிச் சாவு ஒவ்வொன்றையும் அதே மாதிரி விசாரியுங்கள், காலையோ கையையோ இழந்தவர்களையும் சேர்த்து. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்பு கடித்து இறந்ததாக 2020இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. அதில் கால்பங்குக்கு மேல் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். பெரும்பாலான சாவுகள் கிராமங்களில், வீட்டிலேயே நடந்தவை. மருத்துவமனை ஏட்டை மட்டும் பார்த்தால் இவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். 2030க்குள் இந்தச் சாவுகளைப் பாதியாகக் குறைப்பதுதான் தேசியச் செயல்திட்டத்தின் இலக்கு. வழியில் இறந்தவரையும் வீட்டில் இறந்தவரையும் கிராம நிர்வாக அலுவலர், கிராம சுகாதாரச் செவிலியர் வழியாகக் கணக்கில் கொண்டுவராமல் அந்த இலக்கை எட்டிவிட்டோமா என்று யாராலும் சொல்ல முடியாது.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். தெரிவிக்கும் படிவத்தில் கடித்த நேரம், முதலில் போன அரசு நிலையம், அங்கே போய்ச் சேர்ந்த நேரம், முதல் குப்பி ஏறிய இடம், ஏறிய நேரம் என்று ஐந்து கட்டங்களைச் சேருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நோயாளியின் பெயர் இல்லாமல், வட்டாரவாரியாக வெளியிடுங்கள். எங்கள் வட்டாரத்தின் தாளை நான் கிராம சபையில் எடுத்துப்போய்ப் படிக்கிறேன். எந்த நிலையத்தில் மருத்துவர் வேண்டும், எந்த ஊருக்கு வண்டி வேண்டும் என்று எங்கள் ஜனங்களே தீர்மானம் போட்டு உங்களுக்கு அனுப்புவார்கள்.

இப்படிக்கு,
திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து ஒரு விவசாயி